பால்கனியில் ஒரு திருகோணமலை

உங்கள் வீட்டில் பால்கனி இருக்கிறதா? இருந்தால் அதில் என்னவெல்லாம் இருக்கும் என்று நான் பார்க்காமலே சொல்வேன். வாஷிங் மெஷின், துணிக்கொடி, இரண்டு மணி பிளான்ட், காற்று இறங்கிய குழந்தை சைக்கிள், கொலுப் படிக்கான பலகைகள். சரிதானே?

எங்கள் வீட்டு பால்கனியில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. பெயர் திருகோணமலை.

சிரிக்காதீர்கள். அப்படி ஒரு கப்பல் நிஜமாகவே உண்டு. 'எச்.எம்.எஸ். டிரின்கோமாலி'. நம்ம திருகோணமலையைத்தான் வெள்ளைக்காரன் அப்படி உச்சரித்தான். 1817 அக்டோபர் 12-ம் தேதி பம்பாயில் தண்ணீரில் இறக்கினார்கள். கட்டியவர்கள் வாடியா என்ற பார்சி குடும்பத்துத் தச்சர்கள். அப்போது தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. செலவு 23,000 பவுண்டு. முழுக்க முழுக்கத் தேக்கு. நெப்போலியனோடு சண்டை போட்டுப் போட்டு இங்கிலாந்தில் கப்பலுக்கான ஓக் மரம் பற்றாக்குறையாகிவிட, 'நம்மகிட்டதான் இந்தியா இருக்கே' என்று இங்கே திரும்பினார்கள்.

ஓக் மரத்தில் ஒரு அமிலச் சத்து உண்டு. அடித்த இரும்பு ஆணியை அது மெள்ள மெள்ளத் தின்றுவிடும். தேக்கில் இருப்பது எண்ணெய், இரும்பை அரிக்காது. பம்பாய்க் கப்பல்கள் நீண்ட நாள் உழைத்ததற்கு அது ஒரு முக்கியமான காரணம். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் அந்தக் கப்பல் இன்றும் மிதக்கிறது. தண்ணீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அதுதான் மிகப் பழையது. நடுவில் பல வருஷம் பெயரை மாற்றி, பையன்களுக்குப் பயிற்சிக் கப்பலாக வைத்திருந்தார்கள். 1990-ல் தொடங்கிப் பத்துப் பதினோரு வருஷம் பழுது பார்த்து, பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டார்கள்.

அந்தக் கப்பலைத்தான் 96-ல் ஒரு பங்காகச் சுருக்கி நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். நிஜக் கப்பலில் ஓர் அடி என்றால் என் கப்பலில் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 150 அடிக் கப்பல் பதினெட்டே முக்கால் அங்குலத்தில் அடங்கிவிடும். அகலம் ஐந்து அங்குலம். மணி பிளான்ட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

'தச்சு வேலை தெரியுமா?' என்று கேட்பீர்கள். தெரியாது. அதுதான் இந்தக் கட்டுரையே.

*

எனக்குத் தொழில் வரைபடம். ஒரு கம்பெனியில் குழாய்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் போடுகிற வேலை. முப்பது வருஷமாக நான் போட்ட படத்தை யாரோ எங்கேயோ இரும்பில் செய்கிறார்கள். என் கையால் ஒரு ஸ்டூல்கூடச் செய்ததில்லை. ஐம்பது வயசு தாண்டினால் சிலருக்குக் கோயில் குளம் என்று தோன்றும். எனக்குக் கையால் எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு மெஷின் வாங்கினேன். ஒன்று லேசர் கட்டர். நாலு கால், மேலே ஒரு தண்டவாளம், அதில் ஓடும் தீப்பெட்டி அளவு சமாசாரம். அதிலிருந்து நீலக் கதிர் இறங்கி மரத்தை எரித்துக்கொண்டே போகும். கம்ப்யூட்டரில் என்ன கோடு போட்டிருக்கிறோமோ அதே கோடு. இன்னொன்று குட்டி மில்லிங் மெஷின். சுழலும் கத்தி ஒன்று முன்னே பின்னே, மேலே கீழே நகர்ந்து மரத்தைச் செதுக்கும். எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று சொன்னால் அத்தனை மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் விலை. அந்த ஒப்பீடு என்னுடையதல்ல, என் மனைவியுடையது.

மெஷின் வந்து இறங்கிய அன்றைக்கு அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பேப்பரை மடித்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்பாவுக்கு எண்பத்தொரு வயசு. அம்பாசமுத்திரம் பக்கத்தில் நாற்பது வருஷம் ஆசாரி வேலை பார்த்தவர்.

*

மாடல் கப்பல் எப்படிக் கட்டுகிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீளவாக்கில் ஒரு பலகை. முதுகெலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறுக்கே வரிசையாக விலா எலும்புகள். நிஜக் கப்பலில் விலாக்கள் நெருக்கி நெருக்கி நிற்கும். மாடலில் அத்தனை தேவையில்லை. நான் பதினேழு வைத்தேன். எலும்புக்கூடு நின்றதும், மேலே மெல்லிய மரப்பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்தால் கப்பலின் உடம்பு வந்துவிடும்.

விலா ஒவ்வொன்றும் என்ன வடிவம்? அதற்குத்தான் பழைய வரைபடங்கள். கப்பலைக் குறுக்கே பல இடங்களில் வெட்டினால் தெரியும் வடிவங்களை ஒன்றின் மேல் ஒன்றாக, வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கிய மாதிரி வரைந்திருப்பார்கள். இந்த வரைபடத்துக்கே ஒரு கதை உண்டு. வடிவம் பிரெஞ்சுக்காரனுடையது. 1782-ல் பிடித்த 'ஹெபே' என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்து, அதே போல் இங்கிலாந்தில் ஒரு வரிசையே கட்டினார்கள். நம் கப்பல் அந்த வரிசை. பம்பாய்க்கு முதலில் வரைபடத்தைக் கொடுத்தனுப்பியது 'ஜாவா' என்ற கப்பலில். 1812 டிசம்பர் 29-ம் தேதி பிரேசில் அருகே அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' அதை அடித்து நொறுக்கிப் பிடித்து, பிறகு கொளுத்திவிட்டது. வரைபடமும் போச்சு. மறுபடி அனுப்பி, 1816-ல்தான் பம்பாயில் வேலை ஆரம்பித்தது.

வரைபடம் இல்லாவிட்டால் தச்சன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று அப்போது எனக்குள் ஒரு பெருமை. வரைபடம் போடுகிறவன் இல்லையா?

அந்தப் பெருமை ஒரு வாரம் நீடித்தது.

விலாக்களைக் கம்ப்யூட்டரில் கச்சிதமாக வரைந்தேன். லேசரில் வெட்டினேன். அடுக்கி அளந்தால் அகலம் சரியாக ஐந்து அங்குலம். பேஷ்! இதற்கு மேல்தானே பட்டை ஒட்ட வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. பட்டையின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று. 96-ஆல் பெருக்கினால் நிஜக் கப்பலில் கிட்டத்தட்ட ஓர் அடி! திருகோணமலைக்கு ஓர் அடி தொப்பை. விலா எலும்பைத் தோலின் கனத்தைக் கழித்துவிட்டு வரைய வேண்டும். பதினேழையும் குப்பையில் போட்டேன்.

இரண்டாவது தடவை வேறு பாடம். விலாவை முதுகெலும்பில் செருக ஒரு வெட்டு வேண்டும். மூன்று மில்லிமீட்டர் பிளைவுட், ஆகவே மூன்று மில்லிமீட்டர் வெட்டு என்று படம் போட்டேன். செருகினால் கிழவர் பல் மாதிரி ஆடுகிறது. கடையில் 'மூணு எம்.எம்.' என்று கொடுத்த பிளைவுட் அளந்து பார்த்தால் 2.8. லேசர் கதிருக்கும் ஒரு தடிமன் உண்டு. என் மெஷினில் 0.2. கோட்டின் மேலேயே எரித்துக்கொண்டு போவதால் வெட்டு 3.2 ஆகிவிட்டது. 2.6 என்று படம் போட்டால்தான் 2.8 கிடைக்கும். அதாவது, மெஷினிடம் ஒரு பொய் சொன்னால்தான் அது உண்மையைச் செய்யும்.

மூன்றாவது, கரி. லேசர் மரத்தை வெட்டுவதில்லை, எரிக்கிறது. ஓரமெல்லாம் கறுப்பு. பார்க்க அழகாகக்கூட இருந்தது. அப்படியே வெள்ளைப் பசை போட்டு ஒட்டினேன். மறுநாள் காலை விரலால் தட்டினேன். பொத்தென்று விழுந்தது. பசை கரியைப் பிடித்துக்கொண்டது, கரி மரத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. உப்புத்தாளால் கரியைத் தேய்த்தெடுத்த பிறகுதான் ஒட்டு நின்றது.

நீங்களும் வாங்குவதாக இருந்தால் இதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கதிருக்கென்று உள்ள கண்ணாடியைப் போடாமல் மெஷினைப் பார்க்கக் கூடாது. ஒரு தடவை பட்டாலே பார்வை போய்விடலாம். புகையை வெளியே இழுக்க ஃபேன் வேண்டும். ஓடும்போது பக்கத்தை விட்டு நகரக் கூடாது, ஓட விட்டுக் காபி குடிக்கப் போனால் திரும்பி வரும்போது தீ எரியும். ரெக்ஸின் மாதிரி பி.வி.சி. சமாசாரங்களை அதில் வைக்கவே கூடாது. விஷப் புகை வரும், மெஷினையும் அரித்துவிடும். மாடி வீட்டு மாமி இரண்டு தடவை இறங்கி வந்து, ''என்ன சார், அடுப்புல எதையாவது மறந்துட்டீங்களா?'' என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கு மட்டும் எந்தக் கண்ணாடியும் கிடையாது.

*

முதுகெலும்புப் பலகைக்கு மில்லிங் மெஷின். ஆறு மில்லிமீட்டர் தடிமன் என்பதால் லேசரில் தீய்ந்துபோகும். தவிர, அதன் அடியோரத்தில் ஒரு காடி எடுக்க வேண்டும். கதவுச் சட்டத்தில் கண்ணாடி உட்கார ஒரு பள்ளம் இருக்குமே, அதுதான் காடி. முதல் பட்டையின் விளிம்பு அதில் போய் உட்காரும். ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர். லேசரால் இத்தனை ஆழம் என்று ஒழுங்காக நிறுத்த முடியாது. மில்லிங் மெஷின் அதில் கில்லாடி.

ஆனால், அதன் படுகை முப்பது சென்டிமீட்டர்தான். கப்பலோ நாற்பத்தெட்டு. இரண்டு துண்டாகச் செய்து ஒட்ட வேண்டும். சரி, நேராக வெட்டி முட்டுக்கு முட்டு வைத்து ஒட்டினேன்.

அன்றைக்குத்தான் அப்பா முதல் தடவையாக பால்கனிக்கு வந்தார். துணி எடுக்க வந்த மாதிரி வந்தார். ஒட்டின பலகையைக் கையில் எடுத்தார். இரண்டு பக்கமும் பிடித்து லேசாக வளைத்தார்.

டக்.

''முட்டுக்கு முட்டு நிக்காதுல'' என்றார். கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நிஜக் கப்பலிலும் அடிமரம் ஒரே துண்டு கிடையாது. அத்தனை நீள மரத்துக்கு எங்கே போவது? நுனிகளை நீளச் சாய்வாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று படுக்கவைத்துப் பூட்டுவார்கள். சாய்வு எவ்வளவு நீளமோ அவ்வளவு பசைக்கு இடம். மெஷினில் அப்படியே வெட்டினேன். நின்றது.

அப்பாவிடம் போய் நான் எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது.

எனக்குப் பத்து வயசு இருக்கும். ஒரு லீவு நாளில் அவர் சாப்பிடப் போன நேரம், பட்டறையில் உட்கார்ந்து அவருடைய உளியை எடுத்து ஒரு துண்டுக் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். படகு செய்கிறேனாம். திரும்பி வந்தவர் கொட்டாப்புளியை எடுத்து முதுகில் ஒன்று வைத்தார். அவர் என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ''உளியத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன். போய்ப் படி.'' அன்றிலிருந்து பட்டறைப் பக்கம் போனதில்லை. படித்தேன். டிப்ளமோ, வேலை, சென்னை, ஃபிளாட், எல்லாம் வந்தது. மகன் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நல்ல அப்பா என்றுதான் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அப்பா எதிரில் உட்கார்ந்து, மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு, 'அப்பா, இது எப்படிப்பா?' என்று எந்த வாயால் கேட்பது?

*

எலும்புக்கூடு நின்றது. பதினேழு விலாவும் செங்குத்தாக, இம்மி பிசகாமல். வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டேன். நாற்பது கட்டைவிரல் வந்தது.

பட்டை ஒட்ட ஆரம்பித்தேன். நடுப்பகுதியில் சமர்த்தாக உட்கார்ந்தது. முகப்பு நெருங்க நெருங்கத் தகராறு. பட்டை விலாவின் மேல் உட்காரவில்லை. ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. அழுத்தினால் அடுத்த விலாவில் கிளம்பியது. கிளிப் போட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு, தூங்கிக்கொண்டிருந்தபோது, பட்டென்று ஒரு சத்தம். பட்டை பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் சமையலறைக்குப் போக வேண்டும். ஒரு வெள்ளரிக்காயை வட்ட வட்டமாக நறுக்குங்கள். நடுத்துண்டைப் பாருங்கள். தோல் உள்ள ஓரம் நேர் செங்குத்தாக இருக்கும். இப்போது நுனித் துண்டைப் பாருங்கள். ஒரு பக்க வட்டம் பெரிசு, மறுபக்க வட்டம் சிறிசு. ஓரம் சாய்ந்திருக்கும். நுனிக்குப் போகப் போகச் சாய்வு கூடும்.

கப்பலின் விலாவும் அதேதான். நடுவில் ஓரம் நேராக இருக்கலாம். முகப்பிலும் பின்புறத்திலும் உடம்பு ஒடுங்கும் இடங்களில் ஓரம் சாய்ந்தே ஆக வேண்டும். அதுவும் ஒரே சாய்வு அல்ல. ஒரே விலாவில் மேலே ஒரு சாய்வு, வயிற்றில் ஒரு சாய்வு, அடியில் வேறு சாய்வு. என் லேசரோ மேலிருந்து கீழே நேராகத்தான் எரிக்கும். அதற்குத் தெரிந்தது ஒரே ஓரம், செங்குத்து. மில்லிங் மெஷினில் படிப்படியாகச் செதுக்கிச் சாய்வு கொண்டுவர முடியும், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால், ஒவ்வொரு விலாவையும் முப்பரிமாணமாக வரைய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் ஓட வேண்டும். உளியும் உப்புத்தாளும் தெரிந்தவனுக்கு இது கொஞ்ச நேரத்து வேலை.

தெரிந்தவனுக்கு.

நான் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். ஒரு இடத்தில் அதிகம் தேய்ந்து பள்ளம். அதைச் சரிபண்ணப் பக்கத்தில் தேய்த்தேன். இன்னொரு பள்ளம். நாலாவது நாள் துணியைப் போட்டு மூடிவிட்டேன். மூன்று வாரம் மூடியே கிடந்தது. என் மனைவி மரியாதைக்காக அந்தப் பக்கம் துணி காயப்போடுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

*

ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆபீசில் அரை நாள். வீட்டுக்கு வந்தால் அப்பா பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் கப்பல். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்தேன். இல்லை, விரல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. விலா விலாவாகத் தடவி, நிறுத்தி, பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். காதில் செருகிக்கொள்கிறார். மறுபடி தடவுகிறார். கோடுகள் எல்லாம் நடுங்கி நடுங்கி இருந்தன. நாலைந்து வருஷமாக அவருக்குக் கை நடுக்கம். காபி டம்ளரைக்கூட பாதிதான் நிரப்புவோம்.

''மாமா ஒரு வாரமா நீங்க ஆபீஸ் போனதும் இதத்தான் செஞ்சுட்டிருக்காங்க'' என்றாள் மனைவி, மெதுவாக.

என்னைப் பார்த்ததும் அவர் கப்பலை நீட்டினார்.

''மெசினு நல்லாத்தாம்ல வெட்டியிருக்கு. நான் வெட்டினா இம்புட்டு வராது. ஆனா அதுக்குச் சாய்வு தெரியல. கோடு போட்டிருக்கேன். கோடு வரைக்கும் சீவு. கோட்டத் தொடாத.''

''நீங்களே...''

''கை ஆடுது. பாக்கல? நீ சீவு. நான் சொல்லுதேன்.''

சீவினேன். உப்புத்தாளைக் கையில் பிடிக்கக் கூடாது, ஒரு நேரான சட்டத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்று விலாவின் மேல் ஒரே நேரத்தில் படுகிற மாதிரி இழுக்க வேண்டும் என்றார். அப்போது ஒன்றில் மட்டும் பள்ளம் விழாது. சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? துடைப்பத்திலிருந்து ஒரு மெல்லிய மூங்கில் சிம்பை உருவி, விலாக்களின் மேல் படியவைத்தார். அது எங்கேயும் எழும்பக் கூடாது. விலாவின் ஓரம் முழுக்கத் தொட வேண்டும், ஒரு முனையில் மட்டும் தொட்டால் போதாது. ''கண்ணு ஏமாத்தும்ல. கண்ண மூடிட்டு விரல ஓட்டு'' என்றார். ஓட்டினேன். ஒரு இடத்தில் சொரக்கென்று தட்டியது. கண்ணைத் திறந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை. மூடினால் தெரிகிறது.

உலகப் புகழ்பெற்ற மாடல் கட்டுநர்களும் இதே மாதிரி ஒரு சிம்பை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். அப்பாவுக்கு அவர்களைத் தெரியாது.

அன்று மாலை, நாலு விலா முடிந்த பிறகு, கேட்டுவிட்டேன். ''அன்னைக்கு ஏன்ப்பா அடிச்சீங்க? படிக்கலைன்னா?''

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ''அந்த வருசம் திருநெல்வேலி போயிருந்தேன். ஒரு மரக்கடையில கதவு அடுக்கியிருந்தான். ஒட்டுப் பலகைக் கதவு. மெசினுல செஞ்சது. எல்லாம் ஒரே அளவு. வெலயக் கேட்டேன். எனக்கு மரம் வாங்கவே அதுக்கு மேல ஆவும். திரும்பி பஸ்ஸுல வாரப்பவே தெரிஞ்சுபோச்சு. நம்மளோட முடிஞ்சுதுன்னு. வீட்டுக்கு வந்தா நீ உளியோட உக்காந்திருக்க.''

அவ்வளவுதான் சொன்னார்.

அப்படியே நடந்தது. தொண்ணூறுகளில் லாரி லாரியாக ரெடிமேடு கதவு வந்தது. முதலில் கதவு போனது, பிறகு ஜன்னல், பிறகு கட்டில். 97-க்குப் பிறகு அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நான் அப்போது சென்னையில் கம்ப்யூட்டரில் படம் போடக் கற்றுக்கொண்டிருந்தேன். வேலை இல்லாமல் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் 'அப்பா ரெஸ்ட் எடுக்கிறார்' என்றுதான் நினைத்தேன்.

இருபத்தைந்து வருஷம் கழித்து, அவர் வேலையைப் பறித்த சமாசாரத்தையே அட்டைப்பெட்டியில் வாங்கி வந்து ஹாலில் இறக்கியிருக்கிறேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்துபோனதற்கு வேறு என்ன அர்த்தம்? எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. அந்த மெஷின் வெட்டியதை மடியில் வைத்து ஒரு வாரம் தடவி, 'நான் வெட்டினா இம்புட்டு வராது' என்று சொல்ல ஒரு தச்சனுக்கு எவ்வளவு மனசு வேண்டும்? சொல்லுங்கள்.

*

இப்போது பட்டை ஒட்டுகிறோம். இதுவும் லேசு இல்லை. நடுவில் ஒரு பக்கத்துச் சுற்றளவு 12 சென்டிமீட்டர், முகப்பில் 8. பட்டை ஐந்து மில்லிமீட்டர் அகலம். ஆக, ஒரு பக்கத்துக்கு இருபத்துநாலு பட்டை. முகப்பிலும் அதே இருபத்துநாலு அடங்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் நுனியில் மூன்றேகால் சொச்சமாக ஒடுங்க வேண்டும். லேசரில் மொத்தமாக ஒடுக்கி வெட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட அப்படியே உட்காரவில்லை. ஒவ்வொன்றையும் இடத்தில் வைத்துப் பார்த்துச் சீவ வேண்டியிருக்கிறது. வளைக்க, பட்டையை வெந்நீரில் ஊறவைத்து, என் மகளின் முடி நேராக்கும் கருவியில் வைத்து மெள்ள அழுத்துகிறேன். முடியை நேராக்குவது மரத்தை வளைக்கிறது. மகள் புதுசு ஒன்று வாங்கிக்கொண்டாள், என் செலவில்.

வாடியா பட்டறையில் கப்பலுக்கு அடிமரம் வைக்கும்போது ஒரு வெள்ளி ஆணி அடிக்கிற பார்சி வழக்கம் உண்டு. அப்பாவிடம் சொன்னேன். ''செய்யணும்லா'' என்றார், இது என்ன பெரிய விஷயம் என்கிற மாதிரி. ஆயுத பூஜைக்கு மெஷின் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பக்கத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்து முப்பது வருஷமாகப் பரணில் கிடந்த உளி, இழைப்புளி, கொட்டாப்புளி. உளி துருப்பிடித்திருந்தது. தீட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கட்டைவிரல் நகத்தில் வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். இன்னும் வழுக்குகிறது.

நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று முடிந்திருக்கிறது. இடது பக்கம் மூன்றாவது பட்டை கோணல். அது நான் தனியாகச் செய்தது. மர மக்கு வைத்து மறைத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். ''கெடக்கட்டும். அதப் பாத்துப் பாத்துத்தான் அடுத்தது ஒழுங்கா வரும்.''

போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். ''ஏல, இவ்வளவு நாளா வந்து உக்காருதேனே, கூலி எங்கல?''

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூலி வாங்கினால்தான் வேலை, வாங்காவிட்டால் பொழுதுபோக்கு. அவருக்குப் பொழுதுபோக்கு பிடிக்காது. கடைசியாக வாங்கின கூலி எவ்வளவு என்று கேட்டேன். ''தொண்ணூத்தேழுல நூத்தி இருவது. காப்பி தனி.''

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூற்றிருபது ரூபாய் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். சட்டைப் பையில் வைத்தார். நடுங்குகிற கையால் பையை ஒரு தடவை தட்டிக்கொண்டார்.

''அடுத்த ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு உக்காரணும். லேட்டா எந்திரிச்சா அரை நாள் கூலியப் புடிச்சுக்கிடுவேன்'' என்றார்.

யார் யாருக்குக் கூலி கொடுக்கிறோம் என்று எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கிறது. அலாரம் வைத்திருக்கிறேன், ஏழரைக்கு.